கோதுமையின் தாய்மாமன்

பஞ்சாப், ஹரியானா கோதுமை வயல்களில் ஒரு புல் முளைக்கிறது. குல்லி டண்டா, மண்டூசி, கன்கி என்று ஊருக்கு ஒரு பெயர். ‘கேஹூன் கா மாமா’ என்றும் சொல்வார்கள், அதாவது கோதுமையின் தாய்மாமன். தாவரவியலில் ஃபாலாரிஸ் மைனர். இளம் பயிராக இருக்கும்போது கோதுமையின் சாடை அப்படியே இருக்கும். உட்கார்ந்து உற்றுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்: கோதுமையில் இலை தண்டைத் தொடும் இடத்தில் பூனை நகம் மாதிரி இரண்டு சின்னக் கொக்கிகள் இருக்கும், மாமனுக்கு அது கிடையாது, அடித்தண்டில் லேசாகச் சிவப்பு ஓடும். நம் நெல் வயலில் நாற்றோடு நாற்றாக நிற்கும் குதிரைவாலிப் புல்லைக் களை எடுத்தவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

ஐந்து ஏக்கரிலும் குனிந்து கொக்கி தேட முடியுமா? அதனால் களைக்கொல்லி. ஆனால் கண்ணுக்கே வித்தியாசம் தெரியாத இரண்டு புற்களில் ஒன்றை மட்டும் மருந்து எப்படிக் கொல்கிறது?

உண்மையில் மருந்து யாரையும் அடையாளம் பார்ப்பதில்லை, இரண்டுமே அதைக் குடிக்கின்றன. 1970களின் கடைசியிலிருந்து அங்கே ஓடிய ஐசோபுரோட்யூரான் என்ற களைக்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். இலைக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் இடத்தில் போய் உட்கார்ந்து எலக்ட்ரான் ஓட்டத்தை அடைத்துவிடுவதுதான் அதன் வேலை. கோதுமையிடம் பி450 என்ற நொதிக் கூட்டம் இருக்கிறது, நம் கல்லீரலிலும் இதே குடும்பத்து நொதிகள்தான் மாத்திரைகளைச் சிதைக்கின்றன. மருந்து ஆளைச் சாய்ப்பதற்குள் கோதுமை அதைச் செரித்துவிடும், மாமனால் அந்த வேகத்தில் முடியாது. ஜீரண சக்தியில் இருந்த அந்த வித்தியாசத்தை நம்பித்தான் மொத்த வியாபாரமும் நடந்தது.

மலிவான மருந்து. மணலிலோ யூரியாவிலோ கலந்து வீசிவிட்டுப் போனவர்களும் உண்டு. நெல், கோதுமை, திரும்ப நெல், கோதுமை என்று ஒரே சுற்று, ஒவ்வொரு குளிர்காலமும் அதே மருந்து. 1990களின் தொடக்கத்தில் ஹரியானாவில் அது வேலை செய்யாமல் போனது. கோதுமையைக் கதிர் வரும்வரை விடாமல் பச்சையாக அறுத்து மாட்டுக்குப் போட்டார்கள் சிலர். ஹிசார் வேளாண் பல்கலைக்கழகத்தில் ராம் கன்வர் மாலிக்கும் உடன் இருந்தவர்களும் ஆராய்ந்து, புல்லுக்கு எதிர்ப்புத்திறன் வந்துவிட்டதென்று எழுதினார்கள். இந்தியாவில் களைக்கொல்லிக்குத் தப்பிய முதல் களை இதுதான்.

புல் எதையும் ‘கற்றுக்கொண்டது’ என்று நினைக்க வேண்டாம். கோடிக்கணக்கான செடிகளில் கொஞ்சம் வேகமாகச் செரிக்கிற ஒன்றிரண்டு முன்பே இருந்திருக்கும். மருந்து மற்றதையெல்லாம் சல்லடை போட்டு நீக்கிவிட்டு அவற்றுக்கு இடம் விட்டுக்கொடுத்தது. இதற்கு அழகான சோதனை ஒன்று உண்டு: பி450 நொதியை முடக்கும் பொருளையும் மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள், பிழைத்துவந்த புல் திரும்பவும் வாடியது. அதாவது மருமகனின் வித்தை மாமனிடமும் இருந்திருக்கிறது.

அப்புறம் 1997-98 வாக்கில் குளோடினஃபாப், ஃபெனாக்சாப்ராப், சல்ஃபோசல்ஃப்யூரான் என்று புது மருந்துகள் வந்தன, கொஞ்ச காலம் கழித்துப் பினாக்சடென். சில, செடி கொழுப்பு தயாரிப்பதைத் தடுத்தன, சில அமினோ அமிலம் தயாரிப்பதை. கதை மாறவில்லை. இந்த முறை செரிப்பது மட்டுமில்லாமல் சில செடிகளில் மருந்து போய் ஒட்டும் புரதமே உருவம் மாறியிருந்தது, பூட்டை மாற்றியவனிடம் பழைய சாவியோடு நிற்பதுபோல.

இப்போது வந்திருக்கும் மருந்துகள் தாக்கும் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவந்திருக்கின்றன. முதல் தண்ணீர் பாய்ச்சி, புல் இலை விட்டு, முப்பது முப்பத்தைந்தாம் நாளில் தெளிப்பதற்குப் பதிலாக விதைத்து மூன்று நாளுக்குள் மண்ணிலேயே தெளித்துவிடுவது. பைராக்சாசல்ஃபோன் அப்படிப்பட்டது, ஹெக்டேருக்கு 127.5 கிராம் மூலப்பொருள்தான். முளைக்குருத்து வளரத் தேவையான நீளச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை இது உருவாகவிடாது. புல் விதை பொடி, மேல் மண்ணிலிருந்துதான் முளைக்கும், மருந்தும் அங்கேதான் தங்கியிருக்கும். நான்கைந்து சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கும் கோதுமைக்கு அந்த ஆழமும் ஒரு காப்பு, மிச்சத்தைத் தன் உடம்பிலேயே இருக்கும் குளூட்டாதயோன் என்ற பொருளோடு கட்டி ஓரங்கட்டிவிடும். 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்த பிக்ஸ்லோசோன் இன்னொரு ரகம். அது கரோட்டினாய்டு நிறமி உருவாவதைத் தடுக்கும். வெயிலிலிருந்து பச்சையத்தைக் காப்பதே அந்த நிறமிதான், அது இல்லாமல் முளைக்கும் புல் வெள்ளை வெளேரென்று வந்து, சீக்கிரமே கருகிவிடும்.

இதெல்லாம் சரியாக நடக்க மண்ணில் ஈரம் வேண்டும். நெல் வைக்கோலைக் கொளுத்திய வயலாக இருந்தால் தலைவலிதான், ஏனென்றால் சாம்பலில் உள்ள கரி, தண்ணீர் வடிகட்டியில் இருக்கும் கரி மாதிரியே, மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், மண்ணுக்குப் போய்ச் சேருவது குறைவு.

அதே வைக்கோலை எரிக்காமல் பரப்பிவிட்டு, ஹேப்பி சீடர் இயந்திரத்தால் அதன் ஊடாகவே விதைத்தால் மருந்து இல்லாமலே பாதி வேலை முடிகிறது. உழாததால் அடியில் கிடக்கும் புல் விதை மேலே வராது, மேலே இருப்பதற்கு வைக்கோல் வெளிச்சத்தை மறைத்துவிடும். அக்டோபர் கடைசியிலேயே விதைத்துவிட்டால் இன்னும் நல்லது. மாமனுக்குக் குளிர் பிடிக்கும், சூடு தணிந்தபின்தான் கூட்டமாக முளைப்பார், அதற்குள் கோதுமை தூர் கட்டி நிழல் போட்டிருக்கும். புது டப்பா மருந்துகளைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம், நிழலைச் செரிக்கிற நொதி இன்னும் எந்தப் புல்லுக்கும் கிடையாது.

ரொம்ப முற்றிப்போன வயல்களுக்குப் பழைய வைத்தியம் ஒன்று இருக்கிறது. ஓரிரு குளிர்காலம் கோதுமையை விட்டுவிட்டு பெர்சீம் தீவனம் போடுவார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை அறுப்பு நடக்கும். மாமனும் அதோடு சேர்ந்து அறுபட்டு, விதை பிடிப்பதற்குள் எருமைத் தொட்டிக்குப் போய்விடுவார்.