மாலை போட்டால் விட முடிகிறது, கழற்றினால் ஏன் முடியவில்லை?

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் குடிநோய்ப் பிரிவில் கூட்டம் குறைந்துவிடும். மாதாமாதம் வருகிறவர்களில் பலர் கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாகத் திரிவார்கள். வீட்டுக்காரம்மா மட்டும் வந்து, "மாலை போட்டிருக்காரு டாக்டர், ஒரு சொட்டு தொடல" என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டுப் போவார். பொங்கல் கழிந்ததும் அதே குடும்பம் மறுபடி வந்து நிற்கும், இந்த முறை கோபத்தோடு. "நாப்பத்தோரு நாள் இருக்கத் தெரிஞ்ச மனுசனுக்கு நாப்பத்திரண்டாவது நாள் இருக்கத் தெரியாதா? எல்லாம் திமிரு டாக்டர்."

கேள்வி நியாயமானதுதான். ஆனால் திமிர் என்கிற தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை. மாலை போட்டவரும் கழற்றியவரும் ஒரே ஆள். டாஸ்மாக் கடையும் அதே தெருமுனையில்தான் இருந்தது. மாறியது அவர் எடுத்த முடிவின் அமைப்பு.

விரதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். கார்த்திகை முதல் தேதி விடிகாலை, இன்ன கோயில், இன்ன குருசாமி கையால் மாலை என்று தொடக்கம் குறித்தாகிவிட்டது. காலையும் மாலையும் குளியல், தரையில் படுக்கை. காலில் செருப்பில்லை, சவரம் இல்லை, கவிச்சி இல்லை, பீடி சிகரெட் இல்லை, குடி இல்லை. எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று அன்றன்றைக்கு உட்கார்ந்து யோசிக்கிற வேலையே கிடையாது. வழக்கமாகக் கடைப்பக்கம் கால் போகிற அந்த ஆறரை மணிக்குப் பஜனைக்குப் போயாக வேண்டும். கூட்டாளிகளும் கூப்பிட மாட்டார்கள். தப்பித்தவறி அந்தப் பக்கம் போனால்கூட, "சாமி, நீங்க கெளம்புங்க, நாங்க அடிச்சிட்டிருக்கோம்" என்று அவர்களே அனுப்பி வைப்பார்கள். நேற்றுவரை 'டேய்' போட்டவன் இன்று 'சாமி' என்கிறான். அப்படிக் கூப்பிடுகிறவர்களுக்கு நடுவே தள்ளாடிக்கொண்டு நிற்க யாருக்கு மனசு வரும்?

மாலையைக் கழற்றுகிற அன்று இதெல்லாம் சேர்ந்தே கழன்றுவிடுகிறது. ஆறரை மணி காலியாகக் கிடக்கிறது. கூட்டாளிகள் "வாடா" என்கிறார்கள். 'இனிமே குடிக்கக் கூடாது' என்கிற எண்ணம் மட்டும் மிச்சம். எந்த நேரத்தில், எந்த இடத்தில், யார் கூப்பிட்டால் என்ன சொல்வது என்று அதற்குள் ஒன்றுமே இல்லை. தவக்காலம் முழுக்க இருந்துவிட்டு ஈஸ்டர் அன்று ஆரம்பிக்கிறவர்கள் கதையும், கோயிலில் கயிறு கட்டி விட்டவர்கள் கதையும் இதேதான்.

மேலே போகும் முன் ஒரு எச்சரிக்கை. வருடக்கணக்காகத் தினமும் குடிப்பவர், அதிலும் காலையில் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளாவிட்டால் கை நடுங்குகிறவர், மாலையை மட்டும் நம்பித் திடீரென்று நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கிவிடும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம், நான்காம் நாளில் சிலர் ஆள் அடையாளம் தெரியாமல் உளறுவார்கள், இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவார்கள், சுவரைப் பார்த்துப் பேசுவார்கள். மாலை போட்ட வீட்டில் இது நடந்தால் 'சாமி வந்திருக்கு' என்று சூடம் காட்டுகிறார்கள். அது உயிரையே எடுக்கக்கூடிய நிலை. ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடுகிற மாத்திரைகளும் வைட்டமின் பி1 ஊசியும் இதைத் தடுத்துவிடும். அந்த ஊசியைப் போடாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்குக் கேடு வரலாம், அதனால் வீட்டிலேயே பாட்டில் மாட்டிக்கொள்ளும் வேலையும் வேண்டாம். மாலை போடுவதற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதிய ஒரு கட்டுரை எங்கள் துறையில் மிகவும் பேசப்பட்டது. 'நான் இதைச் சாதிக்க வேண்டும்' என்று நினைப்பது ஒரு வகை, 'இந்த நேரத்தில் இந்த இடத்தில் இது நடந்தால் நான் இதைச் செய்வேன்' என்று முடிச்சுப் போட்டு வைப்பது இன்னொரு வகை என்று அவர் பிரித்தார். செயலாக மாறுவது பெரும்பாலும் இரண்டாவதுதான். 2002-இல் பிரிட்டனில் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. சும்மா விடப்பட்டவர்களில் அந்த வாரம் உடற்பயிற்சி செய்தவர்கள் 38 சதவீதம். இதய நோயைப் பற்றிய விழிப்புணர்வுத் தாளைப் படித்தவர்களில் 35 சதவீதம். அதே தாளைப் படித்துவிட்டு, 'இன்ன நாள், இன்ன மணி, இன்ன இடம்' என்று எழுதியும் கொடுத்தவர்களில் 91 சதவீதம். நடுவில் இருக்கிற அந்த 35-ஐப் பார்க்கும்போதெல்லாம், இந்த மாதிரி விழிப்புணர்வுக் கட்டுரை எழுதுகிற எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

வெற்றி பெற்றுவிட்டதாகக் கண்ணை மூடிக் கற்பனை செய்யுங்கள், எல்லாம் தானாக நடக்கும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். கேப்ரியல் எட்டிங்கன் என்ற ஆய்வாளர் உடல் எடை குறைக்க வந்த பெண்களிடம் இதைப் பார்த்தார். இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்களுக்குத்தான் எடை குறைவாக இறங்கியது. 1991-இல் வந்த ஆய்வு இது. ஆசையோடு, வழியில் நிற்கிற தடையையும் சேர்த்து யோசித்தால்தான் பிரயோஜனம் என்பது அவர் அடுத்தடுத்துச் செய்த ஆய்வுகளில் வந்த முடிவு.

தடையை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் செய்வது ரொம்பச் சாதாரணம். முந்தைய நாளைப் பற்றிக் கேட்பேன். லோடு ஆட்டோ ஓட்டுகிற ஒருவரிடம், "எப்பண்ணே குடிப்பீங்க?" என்றேன். "எப்பவும்தான் மேடம்" என்றார். "சரி, நேத்து?" என்று நூல் பிடித்துப் போனதில் தெரிந்தது: வீட்டில் குடிப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமை அநேகமாக இல்லை. கடைசி லோடை இறக்கி, ஷெட்டில் சாவியைக் கொடுத்து, கூலியைக் கையில் வாங்குகிற அந்தப் பத்து நிமிடம்தான் சிக்கல். மதியம் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார், வயிறு காந்தும், சட்டைப்பையில் காசு, பக்கத்தில் கூட்டாளி.

ஆகவே நாங்கள் போட்ட முடிச்சும் அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான். நாலு மணிக்கு எங்கே நின்றாலும் வண்டியை ஓரம் கட்டி வயிறாரச் சாப்பிடுவது. கூலியை வீட்டுக்காரம்மா நம்பருக்கே ஜிபே பண்ணச் சொல்வது. சாவியைக் கொடுத்ததும் பின்பக்கத் தெரு வழியாகத் தம்பியின் மெக்கானிக் கடைக்குப் போய் ஒரு டீ. கூட்டாளி கூப்பிட்டால் என்ன சொல்வது என்பதற்கு மட்டும் நேரம் பிடித்தது. "இன்னிக்கு வேணாம்னு சொல்றேன் மேடம்" என்றார். அப்படிச் சொன்னால் நாளைக்குக் கூப்பிடுவார்களே என்றேன். கொஞ்சம் யோசித்தவர், "அப்ப கல்லீரல் வீங்கிப்போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாங்கன்னு சொல்லிடறேன், அதுக்குத்தான் அவனுங்க பயப்படுவானுங்க" என்றார். அவர் கல்லீரல் கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது, அதனால் எனக்கும் ஆட்சேபணை இல்லை. அந்த வாக்கியத்தை என் எதிரிலேயே நாலைந்து தடவை சத்தமாகச் சொல்ல வைத்தேன். முதல் தடவை வெட்கப்பட்டுச் சிரித்தார், கடைசியில் சாதாரணமாக வந்தது.

குடிக்கு மட்டும் இல்லை இது. 'இனிமே பிள்ளைகிட்ட கத்த மாட்டேன்' என்று ஒவ்வொரு காலையும் சபதம் எடுத்து ஒவ்வொரு மாலையும் தோற்றுக்கொண்டிருந்த ஒரு தாய் வந்தார். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற வேலை. வீட்டுக்குள் நுழையும்போதே, "ஹோம்வொர்க் முடிச்சியா?" என்று ஆரம்பித்துவிடுவார். அவர் போட்டுக்கொண்ட முடிச்சு: செருப்பைக் கழற்றியதும் பையையும் போனையும் அலமாரியில் வைத்து, முகம் கழுவி, காப்பி குடித்த பிறகுதான் நோட்டைப் பற்றிய பேச்சு. சில வாரம் கழித்து வந்தபோது, தான் முகம் கழுவுகிற நேரத்தில் பையன் பாத்ரூம் வாசலிலேயே நின்று பள்ளிக்கதை பேசுவதைச் சொன்னார். இத்தனை நாளும் பேச வந்திருப்பான் போல, எனக்குத்தான் காதில் விழவில்லை என்றார். கணக்கில் மார்க் என்னவோ பழையபடிதான்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. காலையில் படுக்கையை விட்டே எழ முடியாத அளவு மனச்சோர்வு இருப்பவரிடம் நேரம், இடம் எழுதிக் கொடு என்று கேட்பது கொடுமை. அவருக்கு முதலில் சிகிச்சை.

எத்தனை நாள் பிடிக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். லண்டனில் 96 பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், தினசரிச் செயல் ஒன்று யோசிக்காமலே நடக்கிற பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்று கணக்கிட்டார்கள். அவர்கள் பார்த்தது தண்ணீர் குடிப்பது, நடப்பது போன்ற எளிய விஷயங்கள். குடியை விடுவதை அத்தோடு ஒப்பிட முடியாது, அதற்கு இன்னும் கூடுதலாகவே ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆய்வில், நடுவில் ஒரு நாள் தவறியவர்களுக்கு அதனால் பெரிய பாதகம் வரவில்லை. எங்கள் ஆட்களை வீழ்த்துவது பெரும்பாலும் அந்த ஒரு நாளுக்கு அடுத்த நாள்தான். 'போச்சு, இனி என்ன' என்று வாரம் முழுக்கக் குடித்துவிடுகிறார்கள். ஆகவே சறுக்கினால் மறுநாள் காலை யாருக்குப் போன் செய்வது என்பதையும் முதலிலேயே முடிவு செய்து வையுங்கள்.

வீட்டில் இருப்பவர்களும் வாயை மோந்து பார்ப்பதை விட்டுவிட்டு, "இன்னிக்கு சாயங்காலம் தம்பி கடைக்கா, நேரா வீட்டுக்கா?" என்று காலையிலேயே கேட்டு வைக்கலாம். போன் செய்ய யாரும் இல்லாவிட்டால் அரசின் மனநலத் தொலைபேசி உதவி, டெலி-மனஸ் இருக்கிறது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.