எந்தத் தலைசுத்துக்கு எந்த மாத்திரை?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மருந்தகம் நடத்துகிறவன் காதில் அடிக்கடி விழும் வாசகம், "தம்பி, தலைசுத்து மாத்திரை ஒரு அட்டை குடுங்க." எந்தத் தலைசுத்து என்று திருப்பிக் கேட்டால் சிலருக்குக் கோபம் வந்துவிடுகிறது. ஆனால் கேட்காமல் கொடுக்க முடியாது.

செம்பனைக் குலை வெட்டுகிற ஒருவர் வந்தார். மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் சரி, படுக்கையில் வலப்பக்கம் புரண்டாலும் சரி, எல்லாம் சுற்றுகிறதாம், அரை நிமிஷத்தில் நின்றுவிடுகிறதாம். காதில் ஒரு தொல்லையும் இல்லை. இது பெரும்பாலும் உள்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள் இடம் மாறுவதால் வருவது, மாத்திரை போட்டால் துகள் பழைய இடத்துக்குப் போகாது. டாக்டர் தலையைப் பிடித்துச் சில கோணங்களில் திருப்பிச் செய்யும் எப்லி முறைதான் இதற்கு வைத்தியம், பலருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே சரியாகிவிடும்.

மெனியர் நோய் வேறு கதை. அதில் சுற்றல் வந்தால் 20 நிமிஷத்திலிருந்து 12 மணி நேரம் வரை ஆளைப் படுக்கப் போட்டுவிடும், வாந்தி வரும், கூடவே ஒரு காது அடைத்த மாதிரி இருக்கும், இரைச்சல் கேட்கும், அந்தக் காதில் கேட்கும் திறன் ஏறி இறங்கும். உள்காதுத் திரவம் மிகுந்துபோவதோடு சம்பந்தப்பட்ட கோளாறு இது. சுற்றல் என்றாலே மூளைக் கோளாறு என்று நினைத்த காலத்தில், காதிலிருந்தும் வரும் என்று 1861-இல் பாரிஸில் எடுத்துச் சொன்ன புரோஸ்பர் மெனியர் என்ற மருத்துவரின் பெயரைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள்.

இதற்குக் கொடுக்கும் மருந்து இரண்டு வகை, நம்மவர்கள் குழப்பிக்கொள்வதும் இங்கேதான். சுற்றி வாந்தி எடுக்கும் நேரத்தில் அடக்குவதற்கு புரோகுளோர்பெராசின், சின்னரிசின் போன்றவை. ஓரிரு நாள், அவ்வளவுதான். தினமும் போட்டால் சமநிலையைத் தானே சரிசெய்துகொள்ளும் மூளையின் வேலையைத் தடுக்கும், வயதானவர்களுக்கு நடுக்குவாதம் மாதிரியே கை நடுக்கமும் இறுக்கமும் கொண்டுவந்துவிடும்.

மகன் மோட்டாரில் ஏற்றி வந்த ஒரு பாட்டி, பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து அட்டைகளை மேசையில் கொட்டினார். காசை எண்ணும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுகிற மாதிரி ஆடின, நடக்கும்போது ஒரு கை வீசவே இல்லை. "பாட்டி, இந்தச் சின்ன மாத்திரை எவ்வளவு நாளா சாப்பிடுறீங்க?" "தீபாவளிக்கு முந்தியிருந்தே போடுறேன்யா. சுத்து வந்துருமோன்னு பயம், காலைல எழுந்ததும் ஒண்ணு." அது புரோகுளோர்பெராசின். கிளினிக் கெசிஹாத்தான் என்கிற அரசு சுகாதார கிளினிக்குக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன், டாக்டர் நிறுத்தினார், நடுக்கம் குறையச் சில மாதங்கள் பிடித்தன.

இரண்டாவது வகை, தினமும் சாப்பிடக் கொடுக்கும் பீட்டாஹிஸ்டின். வழக்கமாக 16 மில்லிகிராம் மூன்று வேளை, அல்லது 24 மில்லிகிராம் இரண்டு வேளை, சாப்பாட்டோடு. ஆஸ்துமாவோ வயிற்றுப் புண்ணோ இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இது வேலை செய்கிறதா என்பதிலேயே சண்டை உண்டு. 2016-இல் வெளியான ஜெர்மன் ஆய்வில் 221 பேருக்கு ஒன்பது மாதம் கொடுத்துப் பார்த்தார்கள், நிஜ மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சுற்றல் ஒரே அளவில்தான் குறைந்தது. இந்த நோய் தானாகவே கூடிக் குறைகிற ஜாதி. அதனால் நான் சொல்வது, சுற்றல் வந்த நாளையெல்லாம் காலண்டரில் குறித்து வையுங்கள், சில மாதம் ஆகியும் வித்தியாசம் இல்லை என்றால் தொடரலாமா என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்.

சில டாக்டர்கள் நீர் பிரியும் மாத்திரையும் கொடுப்பார்கள். வீட்டுக்காரரின் பிரஷர் மாத்திரை அதே வகைதானே என்று எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்! உப்பையும் குறைக்கச் சொல்வார்கள்: கருவாடு, கிச்சாப், பெலாச்சான் சம்பால், மேகி மசாலாத்தூள். எல்லாம் நாம் ஆசையாகச் சாப்பிடுவதுதான், என்ன செய்வது.

மாத்திரைக்கு மசியாதவர்களுக்கு ஈப்போ பெரியாஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை நிபுணர் செவிப்பறை வழியாக ஊசி போடுவதுண்டு. முதலில் ஸ்டீராய்டு. ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் உள்காதின் சமநிலை உயிரணுக்களையே அழிக்கும், கேட்கும் திறனையும் கெடுக்கக்கூடும், அதனால் அதைக் கடைசியில்தான் யோசிப்பார்கள்.

திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், மாத்திரை தேடி என் கடைக்கு வரவேண்டாம். சுற்றலோடு வாய் குழறினாலோ, முகம் கோணினாலோ, இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, நிற்கவே முடியாமல் போனாலோ அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 999.