ஃபீல்டு என்றால் புலம்

ஒரு கோப்பில் 50 என்று தேடினால் கிரெப் (grep) என்ற தேடல் கருவி வரி முழுவதையும் துழாவும். அந்த 50 விலையா, வயதா, 1950 என்ற ஆண்டின் வாலா என்று பார்க்காது. எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டும். கென் தாம்சன் எழுதி 1973இல் யூனிக்ஸ் இயங்குதளத்தில் சேர்ந்த அந்தக் கருவிக்கு வரிதான் அலகு. வரிக்குள் இருக்கும் பிரிவைக் கண்டுகொள்ளாது. அந்தப் பிரிவுக்குத்தான் ஃபீல்டு என்று பெயர்.

பழைய ஆங்கிலத்தில் இது காடில்லாத வெட்டவெளியைக் குறித்த சொல். எல்லையே இல்லாத வெளி, பின்னால் வேலிக்குள் அடைபட்ட நிலமானது வேடிக்கைதான். தரவைத் துளைகளாகப் பதிந்த துளையட்டைக் காலத்திலேயே இது தரவுக்கும் வந்துவிட்டது. 1928இல் வந்த ஐபிஎம் அட்டையில் 80 நெடுவரிசைகள். பெயருக்கு இத்தனை, தொகைக்கு இத்தனை என்று பாத்தி கட்டிக்கொள்வார்கள். ஒவ்வொரு பாத்தியும் ஒரு ஃபீல்டு.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? வயல் என்றால் பயிர்தான் கண்ணில் நிற்கும். களம் என்றால் போரோ கதிரடிப்போ நினைவுக்கு வரும். புலம் அப்படியில்லை. 85ஆம் குறளில் வரும் 'மிசைவான் புலம்' விளைநிலம். புலம்பெயர்தல் என்னும்போது அது வெறும் இடம். நிலம், இடம் இரண்டும் ஒரே சொல்லில் இருப்பதால் புலமே பொருத்தம். கணினித் தமிழிலும் அதுதான் புழங்குகிறது. நெடுவரிசை என்று எழுதுவோரும் உண்டு, ஆனால் அது எழுத்தை எண்ணி வருவது. புலமோ பெரும்பாலும் காற்புள்ளி போன்ற பிரிப்பானை வைத்து வருவது.

சரி, ஒரு புலத்தில் மட்டும் தேடுவது எப்படி? கட் (cut) கட்டளையால் அந்தப் புலத்தை வெட்டி கிரெப்புக்குக் கொடுக்கலாம். ஆனால் வரியின் மிச்சம் போய்விடும். ^[^,]*,[^,]*,50, என்று கிரெப்பிலேயே இரண்டு புலங்களைத் தாண்டி மூன்றாவதைப் பிடிக்கலாம். பத்தாவது புலம் என்றால் கண் கட்டிவிடும். ஏஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் 1977இல் உருவாக்கிய ஆக் (awk) மொழியில் பிரிப்பானைச் சொல்லிவிட்டு $3 == 50, அதாவது மூன்றாம் புலம் 50க்குச் சமம் என்றால் போதும், வரி முழுசாகக் கிடைக்கும். அதில் 50 எங்காவது இருந்தால் போதும் என்று $3 ~ /50/ எழுதினால் 1950 மறுபடி உள்ளே வந்துவிடும். அப்புறம், மேற்கோள்குறிக்குள் காற்புள்ளி இருக்கும் கோப்பில் புலக் கணக்கே தப்பும். முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.