மலையை வளர்க்கலாம், சுவரைச் சாய்க்கக் கூடாது

நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் எடுத்த போட்டோவைப் பார்த்து மாணவி ஒருவர் வாட்டர்கலர் செய்து கொண்டுவந்தார். நேரில் கண்ணை நிறைக்கும் மலை, தாளில் வீடுகளுக்குப் பின்னால் மண்மேடு போலக் கிடந்தது. "போன்ல இப்படித்தான் சார் இருக்கு" என்றார்.

போன் பொய் சொல்லவில்லை. அந்த இடத்தில் நின்று கையை நீட்டிப் பென்சிலால் அளந்தாலும் அதே விகிதம்தான் வரும். மலையைப் பெரிதாக்குவது நம் மனசு. போதாக்குறைக்கு, போனின் வைட் லென்ஸ் முன்னால் இருக்கும் சாலை, கம்பி, கூரை எல்லாவற்றையும் சட்டத்துக்குள் அள்ளிப் போட்டுவிடும். மலைக்கு மிஞ்சுவது சொற்ப இடம். பிரான்ஸில் ஓவியர் செசான் திரும்பத் திரும்ப வரைந்த செயிண்ட் விக்டுவார் மலை 1,011 மீட்டர்தான். அவர் நின்ற இடங்களிலிருந்து பிற்பாடு எடுத்த போட்டோக்களில், ஓவியத்தில் இருப்பதைவிட மலை சின்னதாகத்தான் தெரிகிறது. நானும் ஒன்றரை மடங்கு உயர்த்தி வரைவேன். யாரும் இதுவரை கேட்டதில்லை.

ஆனால் கட்டடம் அப்படி இல்லை. பலர் சரிவு போகிற போக்கிலேயே வீட்டையும் சாய்த்துவிடுகிறார்கள். சரிவில் கட்டினாலும் தளம் மட்டமாகத்தான் இருக்கும். விலகிப்போகும் கூரைக் கோடுகள், நமக்குக் கீழே இருக்கும் வீட்டில் கண்மட்டத்தை, அதாவது நம் கண் உயரத்தில் போகும் படுக்கைக் கோட்டை நோக்கி ஏறும். மேலே இருக்கும் வீட்டில் இறங்கும். கீழ் வீட்டின் மொட்டைமாடித் தளம் தெரியும், மேல் வீட்டினுடையது தெரியாது. அந்த மாணவி எல்லா வீட்டுக்கும் மொட்டைமாடி காட்டியிருந்தார், தண்ணீர் டேங்க்கோடு!

மலை விளிம்பைக் கண்மட்டம் என்று எடுத்துக்கொண்டதுதான் காரணம். பாதி தண்ணீர் உள்ள பாட்டிலைக் கண்ணுக்கு நேரே பிடித்து மெல்ல ஏற்றி இறக்குங்கள். நீர்ப்பரப்பு ஒரே கோடாகத் தெரியும் இடம்தான் கண்மட்டம். அந்தக் கோட்டைத் தாளில் முதலில் லேசாகப் போட்டுவிடுங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தூரத்து மலைக்குப் பச்சை வேண்டாம். அல்ட்ராமரின் நீலத்தில் துளி பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்து, தண்ணீர் தாராளமாக விட்டு, மெல்லிய பூச்சாக ஒரே வாஷ். அது காய்ந்த பிறகுதான் வீடுகள். நீலகிரிப் பனிமூட்டத்தில் காய்வதற்குள் இரண்டு டீ குடித்துவிடலாம். அவசரப்பட்டுச் சுவரைத் தொட்டால் மலை வீட்டுக்குள் இறங்கிவிடும்.