முதலில் செத்தது யார்?

கடல்நீரில் மீனும் பவளமும் வளர்க்கும் தொட்டியில் அடுத்தடுத்துச் சாவு விழுந்தால் நம்மில் பலர் டெஸ்ட் கிட்டைத் தூக்கிக்கொண்டு நைட்ரேட் பார்க்க ஓடுகிறோம். நைட்ரேட் ஒரே இரவில் தொட்டியைக் காலி செய்யாது. வாரக்கணக்கில் மெல்ல ஏறும், பாசியை வளர்க்கும், பவளத்தின் நிறத்தைக் கெடுக்கும், அவ்வளவுதான். நேற்று வரை நன்றாக இருந்த மூன்று மீன் இன்று காலையில் மிதக்கிறது என்றால் காரணம் வேறு. எது முதலில் விழுந்தது, எது இன்னும் தெம்பாக இருக்கிறது என்று பாருங்கள். காசு செலவில்லாத சோதனை இது. கிட்டை விட அதிகம் சொல்லும்.

பெரிய மீன்கள் போய்விட்டன, நத்தைகள் வழக்கம்போல் கண்ணாடியில் ஊர்கின்றன, பவளமும் விரிந்திருக்கிறது. அப்படியானால் ஆக்ஸிஜன்தான் முதல் சந்தேகம். 25 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்ஸிஜனைத் தாங்கும். அதே வெப்பத்தில் கடல்நீர் 7 மில்லிகிராம்கூடத் தாங்காது. வெப்பம் ஏற ஏற அதுவும் குறையும். அந்த ஆக்ஸிஜன் தண்ணீரின் மேற்பரப்பு வழியாகத்தான் உள்ளே வருகிறது. பம்ப் நின்றால் மேற்பரப்பு அசையாது, வரவும் குறைந்துவிடும். செலவு மட்டும் நிற்காது. மீனும் பவளமும் பாறையில் குடியிருக்கும் பாக்டீரியாவும் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். பகலில் விளக்கு எரிந்தால் பாசிகள் கொஞ்சம் ஆக்ஸிஜன் தரும், இரவில் அவையும் எடுத்துக்கொள்ளும் பக்கம் போய்விடும். அதனால் பகல் இரண்டு மணிக்குக் கரண்ட் போவதை விட இரவு இரண்டு மணிக்குப் போவது ஆபத்து.

முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் லோட் ஷெடிங்கோடு வாழப் பழகிய தென்னாப்பிரிக்காவில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2023இல் ஆறாம் கட்டம் வரை (கட்டம் ஏற ஏற வெட்டும் கூடும்) போனபோது ஒரே நாளில் பல தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் மின்சாரம் நின்ற ஊர்கள் உண்டு. டர்பனில் வெயிலும் சேர்ந்துகொள்ளும். தைப்பூசம் வருகிற ஜனவரி, பிப்ரவரிதான் இங்கே புழுக்கத்தின் உச்சம். வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு காவடி பார்க்கப் போய்த் திரும்பினால் டேங்க் தண்ணீர் 30 டிகிரியைத் தொட்டிருக்கும்.

"கரண்ட் இல்லாதபோது மீன் நன்றாகத்தானே இருந்தது, வந்த பிறகுதான் செத்தது" என்று டர்பனின் சாட்ஸ்வொர்த் பக்கம் டேங்க் வைத்திருப்பவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்வது நடக்கக்கூடியதுதான். மூடிய கேனிஸ்டர் ஃபில்டருக்குள் லட்சோபலட்சம் பாக்டீரியா இருக்கிறது. நீரோட்டம் நின்றால் உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனை அதுவே தீர்த்துவிடும். பிறகு பாக்டீரியாவும் சாகும், தண்ணீரும் அழுகும். கரண்ட் வந்ததும் பம்ப் அந்த நாற்றத் தண்ணீரைத்தான் முதலில் டேங்குக்குள் தள்ளும். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு கேனிஸ்டரைத் திறந்து, பழைய நீரைக் கொட்டி, உப்புநீரில் அலசிவிட்டு ஓட்டுங்கள். பேட்டரியில் ஓடும் சிறிய காற்று பம்ப் ஒன்று வீட்டில் இருந்தால் பாதிக் கவலை தீரும். என்னைக் கேட்டால், விலை உயர்ந்த விளக்கு வாங்குவதற்கு முன் அதைத்தான் வாங்க வேண்டும்.

மீன் வாயைத் திறந்து திணறினாலே ஆக்ஸிஜன் குறைவு என்று முடிவு கட்ட முடியாது. செவுளைத் தாக்கும் வெல்வெட் ஒட்டுண்ணியும் அம்மோனியாவும் இதே கோலத்தைக் காட்டும். காற்று பம்பில் மாட்டிக் குமிழி விடும் காற்றுக் கல்லைப் போட்டுச் சிறிது நேரம் பாருங்கள். மூச்சு அடங்கினால் ஆக்ஸிஜன். அடங்காவிட்டால் மற்ற இரண்டையும் சந்தேகியுங்கள்.

இப்போது நேர் எதிரான நிலைமை: மீன்கள் சாப்பாடு கேட்டு முன்னால் வருகின்றன, இறால் கவிழ்ந்து கிடக்கிறது, நத்தை கீழே விழுந்துவிட்டது, நட்சத்திர மீனின் கை கரைகிறது. கடல்மீனின் இரத்தத்தில் இருக்கும் உப்பு, கடலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அது கடல்நீரைக் குடித்து, கூடுதல் உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றிக்கொண்டே வாழ்கிறது. உப்பைச் சமாளிக்கும் எந்திரம் அதன் உடம்பிலேயே இருப்பதால் தண்ணீரின் அடர்த்தி (நன்னீரை 1 என்று வைத்தால்) 1.025இலிருந்து 1.020க்கு இறங்கினாலும் தாங்கிக்கொள்ளும். முதுகெலும்பில்லாத கடல் உயிர்கள் பெரும்பாலானவற்றுக்கு அந்த வசதி கிடையாது. வெளியே என்ன உப்போ உள்ளேயும் அதே உப்பு. வெளியே திடீரென்று மாறினால் செல்கள் வீங்கும் அல்லது சுருங்கும்.

மாறுவதற்கு வழிகள் நிறைய. ஆவியாகும் நீரை ஈடுகட்டும் மிதவை சுவிட்ச் சிக்கிக்கொண்டு நன்னீரை ஊற்றிக்கொண்டே இருக்கும். கடற்கரையில் பிடித்து வந்த தண்ணீரும் காலை வாரும். மழைக்குப் பிறகு உம்கேனி ஆறு கடலில் சேரும் ப்ளூ லகூன் பக்கம் எடுத்த நீர் கடல்நீர் மாதிரி இருக்கும், உப்பு குறைவாக இருக்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் சேதமாகி டர்பன் கடற்கரைகள் மூடப்பட்டதையும் மறந்துவிடக் கூடாது. உப்பு சரியாக இருக்கிறது என்று உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் சொன்னால் முதலில் அதையே சரிபாருங்கள், வெறும் தண்ணீரில் அல்ல, ஆயிரத்துக்கு 35 பங்கு அளவு காட்ட வேண்டிய உப்புக் கரைசலில்.

உப்பில் குறையில்லை என்றால் அடுத்தது செம்பு. இறால், நண்டின் இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமப்பதே செம்பு கலந்த ஹீமோசயனின்தான். ஆனாலும் தண்ணீரில் கரைந்த செம்பு கொஞ்சம் கூடினாலே அவை தாங்காது. மீனின் வெள்ளைப்புள்ளி நோய்க்கு ஊற்றும் மருந்து அநேகமாகச் செம்புதான்.

பூச்சி மருந்தையும் கேளுங்கள். டர்பன் ஈரத்தில் கரப்பான் இல்லாத சமையலறையைக் காட்டினால் நான் கும்பிடுவேன். ஸ்ப்ரேயில் இருக்கும் பைரெத்ராய்டு கரப்பான் போன்ற கணுக்காலிகளின் நரம்பைத் தாக்கும் நஞ்சு, இறாலும் கணுக்காலிதான். டேங்கை மூடிவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரும் காற்று பம்பும் அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் விடுவது நினைவுக்கு வராது.

பவளம் மட்டும் சுருங்கினால் வெப்பமும் காரத்தன்மையும் பாருங்கள். காரத்தன்மை ஒரே நாளில் இரண்டு மூன்று டிகேஎச் (அதை அளக்கும் அலகு) எகிறியிருந்தால் அதுவே போதும்.

எல்லாமே ஒன்றாகச் சரிந்தால் பாறைக்குப் பின்னால் கை விடுங்கள், கையுறையோடு. செத்த பெரிய நத்தையோ கடல் வெள்ளரியோ கிடக்கலாம். கடல் வெள்ளரி சாகும்போது ஹோலோதுரின் என்ற நஞ்சையும் விட்டுப் போகும். நத்தை அழுகினால் அம்மோனியா. கடல்நீரின் பிஎச் 8.2 என்பதால், அம்மோனியாவில் நச்சான பங்கு பிஎச் 7இல் இருப்பதைப் போல் பத்து மடங்குக்கு மேல். அது அடுத்த மீனைக் கொல்லும், அந்த மீன் இன்னும் அம்மோனியா தரும்.

எதுவானாலும் காற்றைக் கூட்டி, நஞ்சை உறிஞ்சும் கார்பனைப் புதிதாகப் போட்டு, வெப்பமும் உப்பும் பொருந்திய நீரில் கால் பங்கை மாற்றலாம். சாவு தொடங்குவதற்கு முந்தின நாள் மாற்றிய அதே டிரம்மிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். செம்புதான் என்று உறுதியானால் நீரை மாற்றி மட்டும் தப்ப முடியாது, சுண்ணாம்புப் பாறை செம்பை உறிஞ்சிவைத்துப் பின்னால் மெல்லக் கசியவிடும். அந்தப் பாறையை மீன் மட்டும் இருக்கும் தொட்டிக்குக் கொடுத்துவிடுங்கள்.