ஒன்பதாவதோடு டி.சி.யா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

மே மாதம் வந்தால் எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளி அலுவலகத்தில் பத்தாம் வகுப்புச் சேர்க்கைக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். கையில் ஏதாவது ஒரு தனியார் பள்ளியின் டி.சி. இருக்கும். ஒன்பதில் தேர்ச்சி, நடத்தை நன்று, பெற்றோர் மாற்றுச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்த நாள் என்று ஒரு தேதி. "நீங்களா கேட்டீங்க?" என்றால், "லெட்டர் அவங்களே எழுதி வச்சிருந்தாங்க டீச்சர், கையெழுத்து மட்டும் போடச் சொன்னாங்க" என்பார்கள். இந்த வருடம் வந்த பனியன் கம்பெனி டெய்லர் ஒருவருக்கு அந்த லெட்டரில் என்ன இருந்தது என்றே தெரியவில்லை. ஆங்கிலத்தில் இருந்ததாம்.

எட்டாவது வரை தமிழ்நாட்டில் யாரையும் ஃபெயில் போட முடியாது. பத்தாவதில் பொதுத்தேர்வு. நடுவில் சிக்குவது ஒன்பதாவது. "இங்கேயே இருந்தால் ஃபெயில், வேறு பள்ளி பார்த்துக்கொண்டால் பாஸ்" என்று தனியார் பள்ளிகள் பெற்றோரிடம் பேரம் பேசுகின்றன.

எல்லாம் ரிசல்ட் வந்ததும் பள்ளி வாசலில் கட்டும் அந்த ஃபிளெக்ஸ் பேனருக்காக. 2017-இல் மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தியது. இப்போது எல்லோரும் '100% தேர்ச்சி'யைப் பிடித்துக்கொண்டார்கள். அதைப் பார்த்துப் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோருக்காக ஒரு கணக்குப் போடுகிறேன். ஒன்பதில் 60 பேர் என்று வையுங்கள். 12 பேருக்கு டி.சி. மீதி 48 பேர் பத்தாவது எழுதி, 48 பேரும் பாஸ். ஃபிளெக்ஸில் 100%. ஆனால் அவர்கள் நடத்திய 60 பேரில் கரை சேர்ந்தது 48 பேர், அதாவது 80%. அந்த 12 பேர் எங்களிடம் வந்து எழுதி நாலு பேர் தவறினால் அது எங்கள் கணக்கில் ஏறும். அப்புறம் 'கவர்ன்மென்ட் ஸ்கூல்ல எங்கே சொல்லித் தர்றாங்க' என்று பேச்சு. ஒரு பள்ளியின் தேர்ச்சி விகிதத்தைக் கேட்கும்போது, போன வருடம் ஒன்பதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்றும் கேளுங்கள். பதில் வராது. (தேர்ச்சி குறைந்தால் அதிகாரிகள் கேள்வி கேட்கும் மீளாய்வுக் கூட்டத்துக்குப் பயந்து இதே வேலையைச் செய்கிற அரசுப் பள்ளிகளும் உண்டு. மறைப்பதற்கில்லை.)

அந்த 12 பேர் யார் என்று பாருங்கள். அதே மதிப்பெண் வாங்கிய டாக்டர் வீட்டுப் பையனுக்கு டி.சி. போகாது. அவனுக்கு டியூஷன் வைப்பார்கள், அப்பா போய்த் தாளாளரிடம் பேசுவார். வெளியே வருவது வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளை, ஃபீஸ் பாக்கி வைத்த வீட்டுப் பிள்ளை. மக்குப் பிள்ளைகளைத்தான் கழித்துவிடுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். கேள்வி கேட்க ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைகளைத்தான்.

நஷ்டம் அதோடு முடியவில்லை. மருத்துவப் படிப்பில் 2020 முதல் இருக்கிற 7.5% உள்ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. கடன் வாங்கி ஒன்பது வரை தனியாரில் படிக்க வைத்து, பத்தாவதுக்கு எங்களிடம் வந்தால் அதில் இடம் இல்லை. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் கிடைக்கும் இலவச 25% இடத்தில் எட்டு வரை படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு, ஒன்பதிலேயே அரசுப் பள்ளிக்கு வந்திருந்தால். ஒன்பதையும் அங்கேயே படித்துவிட்டு வந்தால் அதுவும் போச்சு.

படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். புரியாவிட்டால் வீட்டுக்குக் கொண்டுபோய் யாரிடமாவது காட்டுங்கள். 'வேறு பள்ளி பாருங்கள்' என்றால் அதைப் பள்ளியின் பெயரில் எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே பின்வாங்குவார்கள். கட்டணப் பாக்கியை வசூலிக்க டி.சி.யைக் கருவியாக்கக் கூடாது என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்குப் பேசுங்கள், மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனுக் கொடுங்கள். டி.சி. வாங்கிவிட்டால் எமிஸில் (அரசின் மாணவர் விவரத் தளம்) பிள்ளையின் பெயரைக் காமன் பூலுக்கு, அதாவது அடுத்த பள்ளி எடுத்துக்கொள்ளும் பொதுப் பட்டியலுக்கு, விட்டார்களா என்று அங்கேயே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். 'டுடோரியலில் சேர்த்துத் தனித்தேர்வராக எழுதட்டும்' என்ற யோசனையைக் காதில் வாங்காதீர்கள். அறிவியல் செய்முறைக்குத் தனியாகப் பதிய வேண்டும் என்பதையே பல பேர் தேதி போன பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

எங்களிடம் வருவதென்றால் தாராளமாக வாருங்கள். ஆனால் பையனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு "இவனுக்குப் படிப்பு ஏறாது டீச்சர்" என்று மட்டும் சொல்லாதீர்கள், தயவுசெய்து. அவனுடைய ஒன்பதாவது கணக்கு நோட்டைக் கொண்டு வாருங்கள். எங்கே விட்டுப்போனது என்று பார்த்துச் சரிசெய்ய எனக்கு ஜூன், ஜூலை வேண்டும். ஆகஸ்டில் வந்தால் காலாண்டுத் தேர்வு தலைக்கு மேல் நிற்கும்.