தண்ணீர் கலந்த பாலில் ஓர் அன்னம்

சென்னையில் ஒரு காபிக் கடை. இரவு ஒன்பதுக்கு ஷட்டரைப் பாதி இறக்கி, மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு, கடைகளில் காபி போடும் பரிஸ்டாக்கள் முப்பது பேர் கூடினோம். லாட்டே ஆர்ட் போட்டி, அதாவது காபியின் மேல் நுரைத்த பாலை ஊற்றியே படம் வரையும் போட்டி. எங்கள் வட்டாரத்தில் இதற்கு 'த்ரோடவுன்' என்று பெயர். நாக்-அவுட் முறைதான். இரண்டிரண்டு பேராக மெஷின் முன் நின்று ஆளுக்கொரு கப் ஊற்ற வேண்டும். மூன்று நடுவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்றதும் ஒரே நேரத்தில் விரலை நீட்டுவார்கள். எந்தக் கப்பை நோக்கி அதிக விரல்கள் நீள்கிறதோ, அந்த ஆள் அடுத்த சுற்றுக்குப் போவார். குடித்துப் பார்ப்பதெல்லாம் கிடையாது.

நான் முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டேன். அன்னம் ஊற்றப் போனேன். கழுத்தில்லாத வாத்து வந்தது. கை நடுங்கிவிட்டது போல என்று நண்பர்கள் ஆறுதல் சொன்னார்கள். கை நன்றாகத்தான் இருந்தது. பாலை முதலில் ஆவியில் நுரைத்துவிட்டு, எஸ்பிரெஸோ என்கிற கெட்டிக் காபி மெஷினிலிருந்து இறங்குவதற்காக அரை நிமிடம் நின்றேன். தப்பு அங்கே. அந்த அரை நிமிடத்தில் ஜக்குக்குள் என்ன நடந்தது என்பதைச் சொன்னால் லாட்டே ஆர்ட் எப்படி வேலை செய்கிறது என்பதையே சொன்ன மாதிரி.

பார்ப்பவர்களுக்கு இது கைவேலை, கிட்டத்தட்ட கோலம் போடுவது மாதிரி. ஆனால் கப்பில் பால் விழுவது பத்து நொடிகூட இல்லை. குச்சி, ஊசி எதையும் தொடக் கூடாது; ஊற்றும் ஓட்டத்திலேயே படம் வர வேண்டும். வருமா வராதா என்பது ஜக் கப்பின் பக்கம் சாய்வதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகியிருக்கும். முடிவு செய்வது நுரை.

நுரை நமக்குப் புதிதல்ல. டீக்கடை மாஸ்டர் கையை உயர்த்தி ஆற்றும்போது, விழும் பால் காற்றையும் இழுத்துக்கொண்டு போய் டம்ளருக்குள் அடைக்கிறது. டபராவில் ஆற்றும் வீட்டுக் காபியிலும் அதேதான். அந்தக் குமிழ்களை எண்ணிவிடலாம், அவ்வளவு பெரிது. மீசையில் ஒட்டுவதற்கு அது போதும், அதன் சுகமே தனி. படம் போட ஆகாது. லாட்டேக்கு வேண்டியது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழான குமிழ்கள். கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாது. ஈரப் பெயின்ட் மாதிரி ஒரே பளபளப்பாக இருக்கும். பளபளப்பு இல்லையென்றால் குமிழ் பெரிதாகிவிட்டது என்று அர்த்தம்.

பசும்பாலில் சுமார் 87 சதவீதம் தண்ணீர். புரதம் மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல். அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன், மிச்சம் பால் திரியும்போது பிரிகிற தெளிநீரில் தங்கும் வகைப் புரதங்கள். இந்தப் புரத மூலக்கூறுகளுக்கு இரட்டைக் குணம் உண்டு. ஒரு பகுதிக்குத் தண்ணீர் பிடிக்கும், இன்னொரு பகுதிக்கு ஆகவே ஆகாது. காற்றுக் குமிழ் ஒன்று பாலுக்குள் வந்ததும் ஓடிப்போய் அதன் விளிம்பில் நிற்கும்: தண்ணீர் ஆகாத பகுதி காற்றுப் பக்கம், மற்றது பால் பக்கம். குமிழைச் சுற்றி மெல்லிய தோல் ஒன்று உருவாகிவிடும். காய்ச்சிய பாலின் மேல் ஏடு படிகிறதே, அதைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிதாக்கி ஒவ்வொரு குமிழுக்கும் சட்டையாகப் போட்ட மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

கொழுப்பின் கதை வேறு. நம் பாக்கெட் பாலில் டோன்டு என்றால் 3 சதவீதம், ஸ்டாண்டர்டைஸ்டு 4.5, ஃபுல் கிரீம் 6. கொழுப்பு ஏற ஏற வாய்க்கு ருசி. நுரைக்குக் கொஞ்சம் இடைஞ்சல். பால் கொழுப்பு முழுதாக உருக ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதற்குக் கீழே, அரைகுறையாக உருகிய நிலையில், கொழுப்புத் துளிகளுக்குள் இருக்கும் படிகங்கள் முள் மாதிரி நீட்டிக்கொண்டு குமிழின் சட்டையைக் கிழிக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த 4 டிகிரிப் பாலில் கொழுப்பு பெரும்பாலும் உறைந்து துளிக்குள்ளேயே அடங்கிக் கிடப்பதால் அவ்வளவு தொல்லை இல்லை. நன்றாகச் சூடானபின் முள் எல்லாம் உருகிவிடுவதால் அப்போதும் இல்லை. மோசமான இடம் நடுவில், 25, 30 டிகிரியை ஒட்டி இருக்கிறது. சென்னையில் கவுன்டர் மேல் மறந்து வைத்த பால் தானாகப் போய் நிற்கும் இடமும் அதுதான். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களிடம் முதல் நாளே சொல்வேன்: பால் எப்போதும் ஃபிரிட்ஜில், ஜக்கும் முடிந்தால் ஃபிரிட்ஜில்.

அடுத்து ஆவி. ஸ்டீம் குழாயின் நுனியைப் பாலின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, மயிரிழை ஆழத்தில் வைத்துத் திறந்தால் 'ஸ்ஸ்' என்று காகிதம் கிழிகிற சத்தம் வரும். ஆவி தன்னோடு காற்றையும் உள்ளே இழுக்கிற சத்தம் அது. கரகரவென்று இரைந்தால் நுனி மேலே வந்துவிட்டது, குமிழ் பெரிதாகும். கீச்சென்று கத்தினால் காற்றே போகவில்லை. ஜக்கின் அடி கைக்கு வெதுவெதுப்பாகிற வரைதான் காற்று ஏற்றுவோம், 35, 40 டிகிரி. பிறகு நுனியை இன்னும் கொஞ்சம் உள்ளே இறக்கி, பாலைச் சுழல விடுவோம். அந்தச் சுழலில் பெரிய குமிழ்கள் இழுபட்டு, அறுந்து, சிறிதாகும். கை தாங்காத சூட்டில், அதாவது 60 டிகிரியைத் தாண்டியதும், நிறுத்திவிடுவோம். 70ஐ நெருங்கினால் அந்தத் தெளிநீர்ப் புரதம் மடிப்பு அவிழ்ந்து ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். காய்ச்சிய பாலின் வாடை வரும், நுரை விறைக்கும். ஃபில்டர் காபிக்குப் பழகியவர்கள் "என்னப்பா, சூடே இல்ல?" என்று லாட்டேயைத் திருப்பி அனுப்புவது இதனால்தான். அவர்கள் கேட்கும் சூட்டில் படம் வராது. படம் கேட்டால் அந்தச் சூடு கிடைக்காது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. பாலைச் சூடாக்குவது நெருப்பல்ல, ஆவி. ஆவி பாலுக்குள் தண்ணீராகக் குளிரும்போது விடுகிற வெப்பம்தான் பாலைச் சுட வைக்கிறது. குளிர்ந்த தண்ணீர் எங்கே போகும்? பாலில்தான் கிடக்கும். கால் கிலோ பாலை 5 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 54 கிலோஜூல் வேண்டும். ஒரு கிராம் ஆவி தண்ணீராகி, பாலின் சூட்டுக்கு இறங்கும்போது சுமார் 2.4 கிலோஜூல் தருகிறது. வகுத்துப் பாருங்கள், 22 கிராம். கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. பாலில் தண்ணீர் கலக்கிறார் என்று பால்காரரைத் திட்டிப் பழகிய ஊரில், எல்லோர் கண்ணெதிரேயும் அதைச் செய்துவிட்டு, மேலே அன்னத்தை வேறு மிதக்க விடுகிறோம். பாலையும் நீரையும் பிரிக்கும் என்று நம் பாட்டுகள் சொல்லும் அதே அன்னம்.

இனி என் அரை நிமிடத்துக்கு வருவோம். ஆவியை நிறுத்திய கணத்திலிருந்தே நுரை சிதையத் தொடங்குகிறது. மூன்று வழிகளில். குமிழ்கள் மேலே ஏறும். குமிழ்களுக்கு நடுவில் உள்ள பால் கீழே வடியும். சின்னக் குமிழுக்குள் அழுத்தம் அதிகம் என்பதால் அதன் காற்று மெல்லக் கசிந்து பக்கத்துப் பெரிய குமிழுக்குள் போகும். சிறியது மறைய, பெரியது இன்னும் பெருக்கும். குமிழ் ஏறும் வேகம் அதன் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. பத்து மடங்கு சிறிய குமிழ் மேலே வர நூறு மடங்கு நேரம் எடுக்கும். சிறிய குமிழுக்காக இத்தனை மெனக்கெடுவது ஏன் என்றால் இதற்காகத்தான். ஆனாலும் 0.05 மி.மீ. குமிழ் ஒன்று தனியாக விட்டால் நொடிக்கு ஒன்றரை மில்லிமீட்டர் ஏறிவிடும். ஆறு செ.மீ. உயரப் பாலைக் கடக்க நாற்பது நொடி. நெரிசலில் இன்னும் மெதுவாகும்தான், ஆனால் இருபது நொடியிலேயே மேலே கெட்டி, கீழே தண்ணி என்று பால் இரண்டாகப் பிரிவது தெரிய ஆரம்பிக்கும். பரிஸ்டாக்கள் ஜக்கை மேசையில் தட்டுவதும் ஓயாமல் சுழற்றிக்கொண்டே இருப்பதும் பந்தாவுக்கு அல்ல. தட்டினால் பெரிய குமிழ் உடையும். சுழற்றினால் பிரிவது தள்ளிப்போகும்.

கப்பில் காத்திருப்பது எஸ்பிரெஸோ. ஏறத்தாழ 9 பார் அழுத்தத்தில் வெந்நீர் காபித்தூளைத் துளைத்து வரும்போது, வறுத்த கொட்டையில் அடைபட்ட கார்பன் டை ஆக்சைடும் அதில் கரைந்து வருகிறது. வெளியே வந்து அழுத்தம் விலகியதும், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி, பொடிக் குமிழ்களாகப் பொங்கும். அந்தப் பழுப்பு நுரைதான் க்ரீமா, எங்களுக்குக் கரும்பலகை. நம் ஃபில்டரில் டிகாஷன் தன் எடையில் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது, அழுத்தம் இல்லை, அதனால் க்ரீமாவும் இல்லை. டிகாஷன் மேல் ரோசெட்டா என்கிற இலைப் படம் ஊற்றிக் காட்டச் சொல்லும் உறவினர்களுக்கு இதுவே என் பதில்.

ஊற்றும்போது நடப்பதைக் கிட்டத்தில் பார்த்தால் அழகு. முதலில் ஜக்கைப் பத்து செ.மீ. உயரத்தில் பிடிக்கிறோம். பால் நொடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் விழுந்து க்ரீமாவைத் துளைத்து ஆழத்துக்குப் போய்விடும். மேற்பரப்பு பழுப்பாகவே இருக்கும். கப் பாதி நிறைந்ததும் ஜக்கின் மூக்கைப் பரப்புக்கு ஒரு செ.மீ. அருகில் கொண்டுவருகிறோம். வேகம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும், இயக்க ஆற்றல் பத்தில் ஒன்றாகும். காற்று ஏறிய பால் சாதாரணப் பாலைவிடக் கால் பங்குவரை இலேசானது. மூழ்க வேகம் இல்லாததால் மிதந்து, வெள்ளையாக விரியும். விரிகிற பால் இருபுறமும் எதிரெதிராகச் சுழன்று, காளான் குடை மாதிரி இரண்டு மடலாகப் பிரியும். இதயத்தின் இரண்டு மேடுகள் அப்படி வருபவை. ஜக்கை இடவலமாக ஆட்டினால் வெள்ளைக் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளப்பட்டு இலை நரம்பாகும். கடைசியில் ஜக்கை உயர்த்தி மெல்லிய தாரையாக நடுவே இழுத்தால், மூழ்கும் தாரை இரு பக்கக் கோடுகளையும் தன் பக்கம் இழுத்து மடக்கிவிடும். இலை தயார்.

அன்னத்துக்கு இந்த இலைதான் சிறகு. கழுத்துக்கு மட்டும் ஜக்கைத் தூக்கக் கூடாது, பரப்பை உரசினாற்போல் மெல்லிய கோடாக நுரை வழிய வேண்டும். என் ஜக்கில் முதலில் வந்தது தண்ணியான பால், சிறகு மங்கியது. கெட்டி நுரை கடைசி வரை உள்ளேயே உட்கார்ந்திருந்து, கழுத்துக்கான நேரத்தில் தொப்பென்று விழுந்தது. வாத்து.

இந்தக் கலையை அமெரிக்காவில் பரப்பியவர் என்று சியாட்டிலின் டேவிட் ஷோமரைச் சொல்வார்கள், 1980களின் கடைசியில் ஆரம்பித்தது. இப்போது உலகப் போட்டி நடக்கிறது. 2017இல் தாய்லாந்துக்காரர், 2018இல் மலேசியாவின் இர்வின் குவெக் ஜெயித்தார்கள். நடுவர்கள் பார்ப்பது எங்கேயும் கிட்டத்தட்ட ஒன்றே: இரு பக்கமும் ஒத்திருக்கிறதா, வெள்ளையும் பழுப்பும் தெளிவாகப் பிரிகிறதா, படம் கப்பின் நடுவில் இருக்கிறதா, எவ்வளவு கடினம்.

என்னைத் தோற்கடித்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். வெறும் டியூலிப் பூதான் ஊற்றினான், ஆனால் கண்ணாடி மாதிரி இருந்தது. போகும்போது, "அண்ணே, எஸ்பிரெஸோ ஷாட்டைப் போட்டுட்டு அப்புறம் ஸ்டீமைத் தொறங்க. நீங்க மாத்திப் பண்றீங்க," என்றான்.

இப்போது கடை மூடியபிறகு தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு ஆவி ஏற்றிப் பழகுகிறேன். பாலுக்குக் காசு ஆகாது. சோப்பு மூலக்கூறு குட்டியானது; புரதம் மாதிரி கெட்டியான சட்டை தைக்காது, வழுக்கிக்கொண்டே இருக்கும், நுரை இன்னும் சீக்கிரம் பிரிந்துவிடும். வேகம் பழக அது ஒருவகையில் நல்லதுதான். நேற்று எலுமிச்சை வாசனையில் ஒன்று ஊற்றி முடித்தபோது, கடை கூட்டும் அக்கா எட்டிப் பார்த்து, "கோழியாப்பா?" என்றார்.